தாடி காயட்டும்

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீங்கள் மலையில் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது கையோடு கொண்டுவந்து தருவீர்கள். இந்தக் கடிதத்தைத் திருத்த ஆளில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னார்கள். "காலஞ்சென்றவங்களுக்கு எழுதலாமா டீச்சர்?" என்று கேட்டேன். அவர்கள், "எழுதலாம் மக்கா. பதிலுக்கு மட்டும் காத்திருக்காண்டாம்" என்றார்கள். ஆகையால் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சில இடங்களில் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லுவேன்.

முதலில் பாரிஸ்டரின் செய்தி. அதைத்தானே முதலில் கேட்பீர்கள்? சுகமாக இருக்கிறான். இப்போது என் காலடியில் படுத்திருக்கிறான். சற்று முன்பு எழுந்து வந்து முகத்தை மேசைமேல் வைத்தான். இந்தக் காகிதத்தின் கீழ் மூலையில் மை கலங்கியிருப்பது அவன் தாடியால். நான் அழவில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லுகிறேன். பாரிஸ்டர் ஒரு நாய். நின்றால் என் இடுப்புக்கு மேலே வருவான். தேங்காய்த் தும்பைப் பிரித்து உடம்பு முழுக்க ஒட்டியதுபோல் முரட்டு ரோமம். புருவம் கண்ணை மூடும். காதுகள் இரண்டும் தாடைக்குக் கீழே தொங்கும். கோர்ட்டில் வெள்ளைக்காரப் பாரிஸ்டர்கள் வைத்துக்கொள்ளும் பொய்முடிபோல இருக்கிறதென்றுதான் எஸ்டேட் துரை அவனுக்கு அப்படிப் பெயர் வைத்தாராம். விரல்களுக்கு நடுவே வாத்தின் காலில் இருப்பதுபோல் தோல் உண்டு. குரலோ கோவில் மணிக்குச் சமம். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் மணியடித்தால் இவனும் கூடவே பாடுவான். இரண்டு தெருவுக்கும் கேட்கும்.

துரை தன் நாட்டுக்குத் திரும்பிப் போனபோது, இவனை அத்தனை தூரம் கப்பலில் கொண்டுபோக முடியாதென்று உங்களிடம் விட்டுப் போனார். கூடவே நாய் வளர்ப்பது பற்றி ஓர் இங்கிலீஷ் புத்தகமும் தந்தார். மலைக்காய்ச்சலோடு நீங்களும் வேலையை விட்டு இறங்கி வந்தீர்கள். அந்தப் பங்குனி மத்தியானத்தில் நம் வாசலில் வில்வண்டி நின்றதும், முதலில் இறங்கியது நீங்கள் அல்ல, பாரிஸ்டர்தான்.

அம்மா அப்போது முன்னறையில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தாள். அம்மாவின் லேஸ் வேலை உங்களுக்குத் தெரியும். வெள்ளை நூலில் ஒரு விரல் அழுக்குப் பட்டாலும், லேஸ் வாங்கும் மிஷன் அம்மா திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாரிஸ்டர் நேரே உள்ளே போய், குடத்தடியில் இருந்த தண்ணீர்ச் சட்டியில் மூக்குவரைக்கும் முகத்தை விட்டுக் குடித்துவிட்டு, தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அறை முழுக்க நடந்தான்.

"இது என்னதுங்க, நாயா கரடியா?" என்று அம்மா நூற்கட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். "தரை பூரா வெள்ளம்! இத எப்போ கொண்டு விடுவிய?"

நீங்கள் சிரிக்காமல் சொன்னீர்கள்: "தாடி காயட்டும் ஞானம். காஞ்ச உடனே கொண்டு விட்டிருகேன்."

அம்மா நம்பினாள். கந்தைத் துணியை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போனாள். தாடி காய்வதற்குள் அவன் மறுபடி குடித்தான். மூன்றாம் நாள் காலையில் தரையில் குந்தியிருந்தவள் தலையைத் தூக்கி, "இது ஒருக்காலும் காயாது, இல்லியா?" என்று கேட்டாள். நீங்கள் இருமல் வரும்வரைக்கும் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பை நினைக்கும்போது எனக்கு அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வருகிறது.

அதற்குப் பிறகும் அம்மா அவனைத் தொட்டதில்லை. சோறு வைப்பாள், மரச்சீனிக் கிழங்கும் மீன்தலையும் வேகவைத்து, முள்ளெடுத்து, தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். சீப்பால் வாரிவிடுவதும் சானல் வாய்க்காலுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுவதும் உங்கள் வேலை, எனக்குச் சங்கிலி பிடிக்கும் வேலை. ஒரு வருஷமும் நான்கு மாதமும் அப்படிப் போயிற்று.

ஆடிச் சாரலில் நீங்கள் எங்களை விட்டுப் போனீர்கள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அது உங்களுக்கும் எங்களுக்கும் தெரியும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ பாரிஸ்டர் என்னை இழுத்துக்கொண்டு போனான். மூக்குத் தரையில் பட்டுவிட்டால் அவனுக்குக் காது கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். வடசேரிச் சந்தையின் பின்பக்கமாக, காய்கறிக் கூடைகளுக்கு நடுவே, கருவாட்டுக் கடையைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், நேரே சானல் படித்துறைக்குப் போய் நின்றான். நீங்கள் உட்கார்ந்து அவன் முதுகைத் தேய்க்கும் அதே படி. உங்களைத்தான் தேடி வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மை அக்காவிடம் சொன்னேன். "ஐயோ பாவம், வாயில்லாச் சீவனுக்கு உள்ள அறிவப் பாத்தியா" என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அதை எத்தனையோ பேரிடம் சொன்னேன்.

பிறகுதான் துரையின் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒன்றிரண்டு பக்கம். தரையில் விழுந்த வாசனை நெடுநாள் நிற்காது, பெருமழை அதைக் கழுவிவிடும் என்று அதில் போட்டிருந்தது. அந்த ஆடி முழுக்க மழைதானே அப்பா? அவன் உங்கள் வாசனையைப் பிடித்துப் போகவில்லை. குளிக்கப் போனான். எனக்கு அன்றைக்கு அவன்மேல் கோபம் வந்து, பேசாமல் சங்கிலியைக் கட்டிவிட்டுப் போய்விட்டேன். சாயங்காலம் யோசித்துப் பார்த்தபோது, அந்தப் படியை அவனுக்குக் காட்டித் தந்தது நீங்கள்தானே என்று தோன்றியது. அதற்குமேல் கோபம் நிற்கவில்லை.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அவனை வாரிவிடும் வேலையை நானே செய்கிறேன். நீங்கள் செய்வதுபோல் பாதத்திலிருந்து தொடங்கி மேலே போகிறேன். சிக்கை இழுக்காமல் விரலால் பிரிக்கிறேன். தொட்டாச்சிணுங்கி முள், ஓலைத் துண்டு, ஒரு தடவை ஒரு முழு வெண்டைக்காய் எல்லாம் எடுத்திருக்கிறேன்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்லப் போகிறேன்.

புத்தகத்தின் பதினெட்டாம் பக்கத்தில் பாரிஸ்டரின் இனம் பற்றி வந்தது. ஆற்றில் மீனைத் தின்னும் நீர்நாயை மோப்பம் பிடித்துத் துரத்துவதற்கென்றே அந்த நாட்டில் இந்த நாய்களை வளர்த்தார்களாம். தண்ணீருக்குமேல் மிதந்து வரும் வாசனையைக்கூட விடாதாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலம் மாமா வந்ததும் பக்கத்தை விரித்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன்.

மாமாவை வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மாவின் அண்ணன், வக்கீல் குமாஸ்தா. பாரிஸ்டரைக் கண்டால் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நான் கோர்ட்டுல எத்தனையோ பாரிஸ்டரப் பாத்தாச்சு. ஒருத்தனும் இப்பிடி நாறினதில்ல" என்பார். அன்று மட்டும் துண்டை எடுத்துவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "கொள்ளாமே மக்கா, நல்லா வாசிக்கியே" என்றார். நான் பூரித்துப் போனேன். அவர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அம்மா ஒரு காரியம் செய்தாள். சனிக்கிழமை காலை எனக்கு எண்ணெய் தேய்க்க உட்கார வைத்திருந்தாள். கிணற்றடியில் பாரிஸ்டரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அம்மா அவனைப் பார்த்தாள். "நீயும் தலையில எண்ண கண்டு எத்தன நாளாச்சோ" என்றாள். பிறகு கையில் இருந்த எண்ணெயை அப்படியே அவன் தலையில் வைத்துத் தேய்த்தாள்.

அப்பா, அம்மா அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். தலை, கழுத்து, முதுகு, வால் என்று ஒரு கிண்ணம் எண்ணெய் முழுக்கப் போயிற்று. கடைசியில், எனக்கு எப்போதும் செய்வதுபோலவே, இளஞ்சூட்டில் எண்ணெயைக் காதில் விட்டாள். எனக்கு இரண்டு சொட்டு. அவனுக்குப் பெரிய காது என்பதால் நாலு நாலு சொட்டு. செம்பருத்தி இலையை அரைத்துத் தாளி போட்டு இரண்டு பேரையும் ஒன்றாகக் குளிப்பாட்டினாள். அன்றைக்கு முழுவதும் அவன் மினுமினுவென்று மணமாக இருந்தான். நாலு சனிக்கிழமை அப்படி நடந்தது. நான் அந்த நாட்களில் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

ஐந்தாம் வாரம் அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நடந்தான். காதைத் தரையில் தேய்த்தான். காதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சிவந்து, சீழ் வைத்து, கிட்டே போக முடியாத நாற்றம். அரிப்புத் தாங்காமல் தலையை உதறுவான். உதறினால் சுவர்வரைக்கும் தெறிக்கும். ஒருநாள் அப்படி உதறியது அம்மா இருபது நாளாகப் பின்னிக்கொண்டிருந்த கழுத்துப்பட்டி லேஸின்மேல் போய் விழுந்தது.

அம்மா அதை எடுத்து மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

அன்றைக்கென்று மாமா வந்தார். "ஞானம், நான் ஒரு ஆளு பாத்து வச்சிருக்கேன். இராஜாக்கமங்கலத்துல தோப்பும் மீன்குளமும் உள்ள மனுசன். நீர்நாயி வந்து மீனப் பூரா தின்னிட்டுப் போவுதாம். இந்தப் பிள்ளை வாசிச்சுச் சொன்னதச் சொன்னேன். துள்ளிக் குதிச்சுட்டாரு." அம்மா, "கொண்டு போகச் சொல்லு அண்ணே" என்றாள்.

தோப்புக்காரர் மறுநாளே பார்க்க வந்தார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் பாரிஸ்டரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பாதத்தைத் தூக்கி விரல் நடுவே உள்ள தோலைப் பார்த்து, "எம்மாடி, தாராவுக்க காலுல்லா இது!" என்று வாத்துக் காலைச் சொல்லிச் சிரித்தார். என்னிடம், "கவலப்படாத பிள்ளே. இவன் அங்கின குளத்துக்குள்ளயே கெடக்கலாம், ராசா மாதிரி" என்றார். வருகிற சனிக்கிழமை வண்டி கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் நான் யோசித்தேன். அவன் எதற்காகப் பிறந்தானோ அந்த வேலை அங்கே இருக்கிறது. குளம் இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது? ஒரு தண்ணீர்ச் சட்டியும், வாரம் ஒரு தடவை சானலும், நானும். நான் அவனை வைத்துக்கொள்ள நினைப்பது அவனுக்காகவா, உங்களுக்காகவா? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் அப்பா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

போவதற்குள் காதையாவது சரிசெய்து அனுப்பலாமென்று, வரிசைப்படி படிப்பதை விட்டுவிட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களைப் புரட்டினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. தொங்குகாது நாய்களுக்குக் காதுக்குள் காற்றுப் போகாது. ஆகையால் எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் எதுவும் விட்டு ஈரமாக வைக்கக் கூடாது. நான் அப்போது இருபத்தேழாம் பக்கத்தில் இருந்தேன். ஒரு பக்கமும் விடாமல் ஒழுங்காகப் படிக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்!

அம்மாவிடம் சொல்லாமல் இருக்கலாமா என்று நினைத்தேன். பிறகு சொன்னேன். அம்மா கையில் இருந்த நூலைக் கீழே வைத்தாள்.

"நல்லா வாசிச்சியா மக்கா? அகராதியில பாத்தியா?"

"பாத்தேன் அம்மா."

"அப்போ நான்தானா?"

அம்மா எழுந்து போய் உங்கள் பெட்டியைத் திறந்தாள். யாரையும் தொடவிடாத பெட்டி. சலவை செய்து, பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த உங்கள் பழைய வேட்டியை எடுத்து, கரையைப் பிடித்து நீளமாகக் கிழித்தாள். "மெத்துன்னு இருக்கது இதுதான்" என்றாள்.

பாரிஸ்டரை மாட்டாஸ்பத்திரிக்கு இரண்டு பேருமாகக் கொண்டுபோனோம். டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நான் ஆடு மாடுக்குப் பாப்பேன். இது எந்தக் காட்டுல உள்ளது?" என்றார். பிறகு பொறுமையாகக் காதைக் கழுவிக் காட்டி, போரிக் பவுடர் கொடுத்தார். நாளைக்கு இரண்டு வேளை துடைத்து, காதைத் தூக்கித் தலைமேல் கட்டிக் காற்றுப்பட வைக்கச் சொன்னார். "எண்ணையக் கொண்டு போவாதிய" என்றார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு துடைப்பாள். நான் காதைப் பிடித்துக்கொள்வேன். பிறகு உங்கள் வேட்டித் துண்டால் இரண்டு காதையும் உச்சியில் சேர்த்துக் கட்டுவாள், முண்டாசு மாதிரி. முதல் நாள் கட்டியதும் பாரிஸ்டர் அசையாமல் நின்று, மூக்கைத் தூக்கி, நெடுநேரம் காற்றை இழுத்தான். வெளுத்து, பாச்சை உருண்டைக்குள் ஏழு மாதம் கிடந்த துணி. அதில் நீங்கள் இருந்தீர்களா? சானல் படியில் ஏமாந்தவள் ஆகையால் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவனுக்குத் தெரியும்.

செல்லம்மை அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏட்டி, வக்கீலுக்குக் கலியாணமா? தலப்பாக்கட்டு பலமா இருக்கே!" என்றாள்.

சனிக்கிழமை வந்தது. சீழ் நின்றிருந்தது, சிவப்பு இருந்தது. தோப்புக்காரர் வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்திருந்தார். மாமாவும் கூட வந்திருந்தார். அம்மா வாசலில் போய் நின்றாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, அதுக்குக் காது சுகமில்ல. இப்போ தரமாட்டேன்" என்றாள் அம்மா.

"அதுக்கென்ன தங்கச்சி, காத நான் பாத்துக்கிடுகேன்."

"நான் கெடுத்த காது. நான்தான் பாக்கணும்."

"ஞானம், மனுசன் வண்டி பிடிச்சு வந்திருக்காரு கேட்டியா" என்று மாமா குரலைத் தாழ்த்தினார்.

தோப்புக்காரர் கையமர்த்தி, "இருக்கட்டும் ஓய்" என்றார். "சரி தங்கச்சி, எப்போ வரட்டும்? அதச் சொல்லு."

அந்த நேரம் பாரிஸ்டர் உள்ளே தண்ணீர்ச் சட்டியிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டு, முண்டாசோடு வாசலுக்கு வந்தான். அம்மாவின் பக்கத்தில் நின்று, தாடியை அவள் சேலையில் வைத்தான். தண்ணீர் அவள் பாதம்வரைக்கும் ஒழுகியது. அம்மா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"தாடி காயட்டும் அண்ணாச்சி" என்றாள். "காஞ்ச உடனே கொண்டு போங்க."

அப்பா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. குரல் அம்மாவுடையது. சிரிக்காமல் சொன்ன விதம் உங்களுடையது.

தோப்புக்காரருக்கு என்ன தெரியும்? "இம்புட்டுத்தானா? இந்த வெயிலுக்கு ஒரு நாழியில காஞ்சிருமே" என்று வண்டிப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார். அம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். பாரிஸ்டர் அவரைப் போய் முகர்ந்துவிட்டு, உள்ளே வந்து தண்ணீர் குடித்தான். நான் சட்டியை நிரப்பி வைத்தேன். அவன் வெளியே போய் வெயிலில் படுத்தான். எழுந்து வந்து மறுபடி குடித்தான். நான் மறுபடி நிரப்பினேன். மூன்றாம் முறையும் நிரப்பினேன். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

உச்சி வெயில் ஏறியது. தோப்புக்காரர் பாரிஸ்டரின் தாடியைப் பார்த்தார். கதவு இடுக்கில் சட்டியோடு நின்ற என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"எம்மா," என்றார் மெதுவாக, "இது ஒருக்காலும் காயாது, இல்லியா?"

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் ஓடிப் போனேன். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்பா. "அவிய எனக்குச் சொன்னது அண்ணாச்சி" என்றாள், சிரிப்புக்கு நடுவே. "மூணு நாளு தொடச்சேன் நான்."

அவரும் சிரித்தார். மாமா மட்டும் ஒன்றும் புரியாமல், "கோர்ட்டுல இப்பிடி வாய்தா குடுத்தா வெளங்கும்" என்று முணுமுணுத்தார். தோப்புக்காரர் வண்டி ஏறும்போது என்னை அழைத்து, "நீர்நாய்க்கு நான் வேற வழி பாக்கேன். லீவுக்கு இவனக் கூட்டிட்டு வா பிள்ளே, குளத்துல எறங்கட்டும். நீ திருப்பிக் கொண்டுபோவும்போ தாடியப் பாக்கமாட்டேன்" என்றார். நல்ல மனிதர் என்று நான் முன்பே எழுதினேன் அல்லவா?

காது இப்போது முழுக்க ஆறிவிட்டது. சனிக்கிழமைகளில் எனக்கு மட்டும் எண்ணெய். பாரிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தைப் பார்ப்பான்; அம்மா, "போடா, உனக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, அவன் நெற்றியை மட்டும் தடவுவாள். கழுத்துப்பட்டி லேஸை அம்மா புதிதாகப் பின்னி மிஷன் அம்மாவுக்குக் கொடுத்தாள். கறைபட்டதைப் பிரித்துவிடாமல் உங்கள் பெட்டியில், கிழித்த வேட்டியின் மிச்சத்தோடு வைத்திருக்கிறாள்.

குளமும் நீர்நாயும் அவனுக்குக் கிடைக்காமல் செய்தது சரியா என்று சில சமயம் நினைப்பேன். அதற்காக வாரத்துக்கு இரண்டு நாள் சானலுக்குக் கொண்டுபோகிறேன். உங்கள் படியில் நான் உட்காருகிறேன். அவன் நீந்தி வந்து என்மேல் உதறுகிறான். காதைத் துடைத்து, கட்டி, காயவைத்துத்தான் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன். புத்தகத்தில் இன்னும் அறுபது பக்கம் இருக்கிறது. இனி முதலில் பொருளடக்கத்தைப் பார்ப்பேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. அவன் காது என்றும் உலர்ந்திருக்கும். அவன் தண்ணீர்ச் சட்டி ஒருநாளும் உலராது. தரையை நானே துடைப்பேன்.

உங்கள் மகள்,
பாரிஸ்டருக்கு அக்கா,
எஸ்தர்